விட்டுப்போன வியாழக்கிழமை

காளியம்மன் துணை

கிடைக்குளம், புதூர் வழி
30-3-2007

பேத்தி யோகலட்சுமிக்கு அம்மாச்சி பாலம்மாள் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன். அமெரிக்காவில் குளிர் விட்டதா? உன் அம்மா சுகம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை.

நேற்று முன்தினம், புதன்கிழமை காலையில், காளியம்மன் கோயில் முன்னால் நின்றவர்கள் இவர்கள். உன் பெரியப்பா கருத்தப்பாண்டி, கோயில் நாட்டாமை என்கிற மிதப்போடு. அவன் பெண்டாட்டி கல்யாணசுந்தரி, உன் அம்மா கல்யாணத்தில் என்னை ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்தாளே, அவளேதான். பூசாரி செண்பகராஜ், திருநீற்றுத் தட்டோடு. போன் கடை கண்ணுசாமி, கடையைத் திறந்து போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவன். உன் அப்பா பரமசிவன், குனிந்த தலை நிமிராமல். மதுரைக்குப் போகப் பையும் கையுமாக உன் அம்மா கோமதி. பிறகு நான். இதை நீ மனசில் வைத்துக்கொள். நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் பொங்கல் முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். காப்புக்கு முன்னாலேயே அவளை மதுரையில் கொண்டு விடு என்று உன் அப்பாவிடம் திங்கட்கிழமையே தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். இந்த வருசம் முளைப்பாரி போடுகிற முறை உங்கள் வீட்டுக்கு, வீட்டுப் பொம்பளை ஊரில் இல்லாமல் எப்படி என்று அவர் இழுத்தார். புற்றுக்குச் சோதனை பார்க்கிற அந்தப் புது ஊசிக்கு வியாழன்தோறும் போகணும், புதனும் வியாழனும் ஆஸ்பத்திரியில் படுக்கணும். தை மாசத்திலிருந்து ஒரு வாரம் தவறாமல் போனவள். புதன்கிழமை பையைத் தூக்கினாள், மறித்துவிட்டார்கள்.

கருத்தப்பாண்டி சொன்னான்: "பகல்ல போயிட்டுப் பொழுதடைய வந்துரட்டும். ராத்தங்க மட்டும் கூடாது. நாளைக்கு ஊருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?"

பொம்பளை கூட்டத்தில் பேசக்கூடாதாம். நான் பேசினேன். போன தீபாவளிக்கு நீ வந்தபோது ஆட்டுக் கயிற்றைக் கையில் எடுத்து எனக்குச் சொன்னாயே, அதை அப்படியே சொன்னேன். உடம்பில் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் கயிறு இருக்கிறது, அதன் நுனியில் ஒரு முடிச்சு. அணு ஒன்று ரெண்டாகிறபோதெல்லாம் நுனி கொஞ்சம் பிரிந்து போகும். நுனி தீர்ந்தால் அந்த அணுவுக்குச் சாவு. புற்று அணுவுக்குள்ளே மட்டும் ஒருத்தன் உட்கார்ந்து நுனியைத் திரித்துக்கொண்டே இருக்கிறான், அதனால் அதற்குச் சாவு கிடையாது. மருந்து அந்தத் திரிக்கிறவன் கையைக் கட்டுகிறது. நடுவில் விட்டால் கட்டு அவிழ்ந்துவிடும், அவன் பழையபடி திரிக்க ஆரம்பித்துவிடுவான். இவ்வளவையும் மூணாங்கிளாஸ் படித்த நான் நிறுத்தாமல் சொன்னேன்.

உன் பெரியப்பா சிரித்தான். "அத்தை, கயித்துக் கதையை ஆட்டுகிட்டச் சொல்லுங்க."

பிறகு கண்ணுசாமியைக் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போனான். திரும்பி வந்து, "பெரிய டாக்டருகிட்டக் கேட்டாச்சு. ஒரு வாரம் விட்டா ஒண்ணும் செய்யாதாம்" என்றான். அதோடு கூட்டம் கலைந்தது. உன் அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

அந்த டாக்டர் யார் என்று விசாரித்து எழுது. போனில் சொல்லாதே. கண்ணுசாமி கடையில் பேசினால் புதூர் வரைக்கும் கேட்கும். அதோடு, போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்றும் சொல்லலாம். எழுத்து அப்படி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.
பாலம்மாள்


காளியம்மன் துணை

கிடைக்குளம்
13-4-2007

யோகலட்சுமிக்கு. உன் பதில் வருமுன்னே இதை எழுதுகிறேன். உடம்பைக் கேட்டு எழுத இன்றைக்குப் பொறுமை இல்லை.

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மேலத்தெருப் பெரியவர் செத்துப்போனார். ஊரில் சாவு விழுந்தால் பொங்கல் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளும். காப்பை அவிழ்க்க முடியாது, அது கையிலேயே கிடக்கும். ரெண்டாவது வியாழக்கிழமையும் போயிற்று.

பொங்கல் முடிந்ததும் நானே உன் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ஸ்டெல்லாமேரி தாளைப் புரட்டிப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒன்று விட்டால் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்தடுத்து ரெண்டு விட்டால் சோதனையிலிருந்து எடுத்துவிடணுமாம். தன் கையில் இல்லை என்றார். நல்ல மனுசி. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "விடும்மா, இனி வாராவாரம் பஸ்ல குலுங்க வேண்டாம்லா." வாயில் அடிக்கலாம் போல் வந்தது. அவள் தலை என் தோளில் கிடந்தது, அடிக்கவில்லை.

அந்த டாக்டர் பேர் வேண்டும்.
பாலம்மாள்


கலிபோர்னியா
14-4-2007

என் அம்மாச்சிக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

முப்பதாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. கயிற்றை நீங்கள் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்! எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது.

நீங்கள் பதற வேண்டாம். ஒரு ஊசி தவறலாம் என்று சோதனை விதியிலேயே இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் அடுத்த வியாழன் அம்மா தவறாமல் போகட்டும். பெரியப்பா ஊருக்குப் பயந்தவர், கெட்டவர் இல்லை. அவரோடு பகை வேண்டாம். அப்பாவுக்கு அந்த ஊரில்தானே இருக்க வேண்டும்?

முளைப்பாரி நன்றாக வந்ததா?

உங்கள் பேத்தி
யோகா


கலிபோர்னியா
27-4-2007

அம்மாச்சி,

இரண்டாவது கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். பொங்கல் தள்ளிப்போகும் என்று யார் நினைத்தார்கள்?

மதுரைக்குப் பேசி அம்மாவைத் திரும்பச் சேர்க்கச் சொல் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நினைத்திருப்பீர்கள். நான் பேச முடியாது அம்மாச்சி. மருந்தைச் செய்கிற இடத்தில் இருப்பவள் நான். என் அம்மாவுக்காக ஒரு விதியை வளைத்தால் அந்த மருந்தின் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும், அதை நம்பி வருகிற மற்றவர்களுக்கும் கெடுதல். டாக்டரம்மாவிடம் பழைய முறை மருந்துகளை உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அதில் தாமதம் கூடாது.

அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதுங்கள்.

யோகா


காளியம்மன் துணை

கிடைக்குளம்
12-5-2007

யோகலட்சுமிக்கு. நீ கேட்டபடி: உன் அம்மா கம்மங்கூழும் மோரும் குடிக்கிறாள். சோறு இறங்கவில்லை. முழங்கால் இருந்தபடி இருக்கிறது. முளைப்பாரி முழங்கை உயரத்துக்கு வந்தது, ஊரே மெச்சியது. மெச்சி என்ன?

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ரெண்டு கடிதத்திலும் அதைத் தாண்டிப் போயிருக்கிறாய். வேலிக்கு மேலே ஆடு தாண்டுகிற மாதிரி.

சரி, நானே கேட்டுவிட்டேன். பழைய மருந்து ஆரம்பிக்கப் போனபோது ஸ்டெல்லாமேரி அம்மாவிடம், காப்புக் கட்டின புதன்கிழமை எங்கள் ஊரிலிருந்து போன் வந்ததா, ஒரு வாரம் விடலாம் என்று சொன்னது யார் என்றேன். அவர் தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தார். அன்றைக்கு நம் ஊரிலிருந்து அங்கே போனே வரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் ஊருக்கே வண்டி அனுப்பியிருப்பேன் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். தையிலிருந்து பங்குனி வரை நெஞ்சுக்குள் இருந்த கட்டி வளரவில்லையாம். இப்போது எடுத்த படத்தில் வளர்ந்திருக்கிறதாம். நின்றது மருந்தாலா, தானாகவா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். என்னால் சொல்ல முடியும்.

திரும்பி வந்து கருத்தப்பாண்டியை வழியில் மறித்தேன். "எந்த டாக்டருலே?" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "பழசைக் கிண்டாதீங்க அத்தை. உங்களுக்குத்தான் ஆகாது" என்றான். எனக்கு ஏன் ஆகாது? இல்லாத டாக்டரைச் சொன்ன பொய் அவனுடையது. அவன் செத்தால் நான் எட்டிப் பார்க்க மாட்டேன். இதை எழுதி வைத்துக்கொள்.

பாலம்மாள்


கலிபோர்னியா
20-6-2007

அன்புள்ள அம்மாச்சி,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதீர்கள். வேலை கூடுதல். ஆய்வகத்தில் எலிகளுக்கு இந்த மருந்தின் அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மருந்து திரிக்கிறவன் கையைக் கட்டுவதோடு நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களையும் குறைக்கிறது. சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்பதில்லை. நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதுதான் எங்கள் பாடு.

அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அப்பா கூடவே இருக்கிறாரா?

பெரியப்பாவைப் பற்றி அப்படி எழுதாதீர்கள்.

யோகா


கிடைக்குளம்
8-7-2007

என் கண்ணு யோகாவுக்கு அம்மா எழுதுவது. நீ நல்லா இருக்கணும். எனக்கு மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்குகிறது, மற்றபடி இருக்கிறேன். அம்மாச்சி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருக்கிறாள். அவள் வருமுன் எழுதி முடிக்கணும்.

அம்மாச்சிக்கு நீ எழுதுகிற கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவாள். ஒவ்வொன்றிலும் நீ எங்கே நிறுத்துகிறாய் என்று எனக்குத் தெரிகிறது.

பெரியப்பா அன்றைக்கே என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். "ஓம் மகதான் சொன்னா. பிள்ளை பேரைக் கூட்டத்துல இழுக்க வேண்டாம்னு டாக்டருன்னு சொல்லிட்டேன்" என்றார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி உன்மேல் வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அம்மாச்சி அவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள், மனுசன் வாய் திறக்கவில்லை. அவரும் பாவம்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்த ஊசி போட்டால் ரெண்டு நாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்கும். மூக்கிலே ரத்தம் வரும், அதை உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் இல்லை என்றதும், பொய் சொல்ல மாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது. முளைப்பாரியை என் கையால் வளர்த்துத் தலையில் சுமந்தேன். அது போதும்.

அம்மாச்சியிடம் இதை நீயும் சொல்லாதே. அவளுக்கு மறக்கத் தெரியாது.

அம்மா


கிடைக்குளம்
15-10-2007

யோகலட்சுமிக்குப் பாலம்மாள் எழுதுவது.

உன் அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து நீ விமானம் ஏறி மூணு வாரமாகிறது. சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கண்ணுசாமி கடைக்குச் சொல்லி அனுப்பினாய். சரி.

கேதத்துக்கு நீ வந்தாய். அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாய். உனக்குத் தலைமுழுக்குக்கு நான்தான் தண்ணீர் விளாவினேன். இத்தனை நாள் கூட இருந்தும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. துக்க வீட்டில் வழக்குப் பேசுகிறவள் இல்லை நான். நீயும் எடுக்கவில்லை. எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும்.

முந்தாநாள் கண்ணுசாமி போன் கடையை எடுத்துவிட்டான். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதாம், கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி வெளியே போட்டிருந்தான். அந்த வழியாகப் போன நான், "இந்தப் பெட்டிக்குள்ள நின்னுதானேலே கருத்தப்பாண்டி எம்மகளைக் கொன்னான்" என்றேன்.

அவன் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "ஆத்தா, அந்த நம்பரைப் போட்டது நாந்தான். மதுரைக்கு அம்புட்டு நீளமா நம்பர் கெடையாது."

"பெறகு?"

"எடுத்தது ஒரு பொம்பளப் பிள்ளை. 'சொல்லுங்க பெரியப்பா'ன்னுச்சு."

அங்கேயே அந்தக் கழற்றின கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுசாமி சோடா உடைத்துக் கொடுத்தான். குடித்தேனா என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாமல் போனது இது ஒன்றுதான்.

அன்றைக்கு உன் பெரியப்பனிடம் நீ என்ன சொன்னாய்? ஒரு சொல் விடாமல் எழுது.


கலிபோர்னியா
2-11-2007

அம்மாச்சிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே அப்போது செவ்வாய் ராத்திரி. பெரியப்பா, "கோமதிக்கு ஒரு ஊசி விட்டுப்போனா உசுருக்கு ஆபத்தாம்மா? ஆபத்துன்னா சொல்லு, காப்பை நானே அறுத்துப் போட்டுட்டு வண்டி எடுக்கேன். சாமி கோவிச்சா எங்கூடப் போகட்டும்" என்றார்.

நான் சொன்னது: "ஒரு வாரம் விட்டா ஒண்ணும் செய்யாது பெரியப்பா."

இவ்வளவுதான்.

விதியில் அப்படித்தான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் எலிகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன, நிற்காத ரத்தத்தில். அவற்றைக் கையில் எடுத்தவள் நான். அதே மருந்து, என் கையால் அளந்து பார்த்தது, அம்மாவின் கையில் ஏறுகிறது. அப்போது வெளியில் சொல்லக்கூடாத சேதி அது. சோதனையில் இருக்கிற யாரிடமும் நான் பேசக்கூடாது. பெரியப்பா கேட்டதும், ஒரு வாரமாவது அம்மா இந்த மருந்திலிருந்து தப்பட்டும் என்று தோன்றிவிட்டது. சாமி ஒரு சாக்குத் தந்ததாக நினைத்தேன். பிறகு சாவு விழுந்து பொங்கல் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியாது.

கட்டி வளராமல் நின்றிருந்தது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்குத் தெரியும். அது மருந்தால் நின்றதா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது அம்மாச்சி. ஊசி தொடர்ந்திருந்தால் ரத்தம் போயே அம்மா இறந்திருக்கலாம். அதையும் சொல்ல முடியாது. இந்தச் சொல்ல முடியாததோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

நீங்கள் என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

யோகா


கிடைக்குளம்
25-11-2007

யோகலட்சுமிக்கு.

மழை பெய்திருக்கிறது. மானாவாரியில் உளுந்து பூத்திருக்கிறது. ஆடுகள் சுகம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கருத்தப்பாண்டி வீட்டுக்குப் போனேன். கல்யாணசுந்தரி காப்பி போட்டுத் தந்தாள், குடித்தேன். ரெண்டாம் பந்தியை நான் மறக்கவில்லை, ஆனாலும் குடித்தேன். அவனிடம், "காப்பை அறுத்துருவேன்னு சொன்னியாலே?" என்றேன். அவன் என் காலி டம்ளரை வாங்கித் திண்ணையில் வைத்தான். நான் ஏசின ஏச்செல்லாம் எட்டு மாசமாக அவன் முதுகில் கிடந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

செண்பகராஜுக்குச் சாமியைத் தவிர ஒன்றும் தெரியாது. கண்ணுசாமி நம்பர் போட்டவன், அவ்வளவுதான். உன் அப்பா வாயில்லாத மாடு, கட்டின இடத்தில் நிற்கும். இவர்களுக்கெல்லாம் கயிறு தெரியாது. தெரியாதவர்களோடு எனக்கு என்ன வழக்கு?

உனக்குத் தெரியும். நடுவில் விட்டால் அவன் பழையபடி திரிப்பான் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். மருந்து பயமாக இருந்தால், "அம்மாச்சி, மருந்து பயமா இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் வேலை போயிருக்கும், போகட்டும். நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து யோசித்திருப்போம். போடலாம், போட வேண்டாம், எதையாவது அவளே சொல்லியிருப்பாள். அவள் உடம்பு, அவள் வாய். நீ அந்த வாயைக் கேட்கவில்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு, ஒண்ணும் செய்யாது என்று ஒரு சொல்லை அனுப்பிவிட்டு, பிறகு நான் எழுதின கடிதத்துக்கெல்லாம் முழங்கால் வலியை விசாரித்தாய்.

அடுத்த பொங்கலுக்கு வா. உனக்குப் பிடித்த கம்பங்களி கிண்டி வைக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொள். கடிதம் போடு, நானும் போடுவேன். என் மகள் பெற்ற பிள்ளை நீ, அது மாறாது. இதுவும் மாறாது.

அன்றைக்குக் கோயில் முன்னால் இருந்தவர்கள் பெயரை முதல் கடிதத்தில் எழுதினேன். அதில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. போனில் இருந்தவளும் அன்றைக்கு அங்கே இருந்தவள்தான். கருத்தப்பாண்டியை விட்டுவிட்டேன், கல்யாணசுந்தரியை விட்டுவிட்டேன், காளியைக்கூட விட்டுவிட்டேன். நான் மன்னிக்காத ஆள் ஒன்றே ஒன்று.

யோகலட்சுமி.